இரண்டாவது மிஷின்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குப் பேய், முனி, காற்று, கருப்பு எதிலும் நம்பிக்கை கிடையாது. போடியில் பிறந்து வளர்ந்தவன்தான், ஆனாலும் கிடையாது. போடிமெட்டு மலைப் பாதையில் எந்த வளைவில் யார் நிற்பார்கள், எந்த வளைவில் வண்டியை நிறுத்தாமல் போக வேண்டும் என்று ஜீப்பு டிரைவர்கள் கதை சொல்லும்போதெல்லாம், பின்சீட்டில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டு போனவன் நான். இன்றைக்கும் அந்தக் கதைகளை நம்பவில்லை. என் கதையை நீங்கள் நம்ப வேண்டும் என்றும் கேட்கவில்லை. கேட்டுவிட்டுப் போங்கள், அது போதும்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்களே கண்டுபிடித்து 'அப்படிச் சொல்லு, அதான் விஷயமா' என்று தலையாட்ட வேண்டாம். எனக்கு இடது காது சரியில்லை. அதற்குள் ராப்பகலாக 'கீ...' என்று ஒரு சத்தம் ஓடிக்கொண்டே இருக்கும், வண்டு புகுந்த மாதிரி. தேனியில் காது டாக்டரிடம் காட்டினேன். அவர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "என்ன வேலை பார்த்தீங்க?" என்றார். சொன்னேன். "இது இனி சரியாகாது, வலது காதையாவது காப்பாத்திக்கோங்க, இன்னமும் அந்தச் சத்தத்துக்குள்ள போய் நின்னீங்கன்னா அதுவும் போயிரும்" என்றார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை, சாதாரணமாகச் சொன்னார்.

நான் முன்னாள் டிஜே. இதைச் சொன்னதும் உங்களுக்கு என்ன தோன்றும் என்று எனக்குத் தெரியும். கல்யாண ரிசப்ஷனில் புகை மிஷின் வைத்துக் குத்துப் பாட்டு போடுகிறவன், மாப்பிள்ளையின் நண்பர்கள் சட்டையைக் கழற்றிச் சுற்றுகிறபோது மைக்கில் கத்துகிறவன். அது இல்லை. நான் போட்டது டெக்னோ. பாட்டுக்காரன் இல்லை, வரி இல்லை, படம் இல்லை, 'தும் தும் தும் தும்' என்று ஓர் அடி, அதன்மேல் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுகிற சத்தங்கள். ஒருமுறை போடியிலேயே சொந்தக்காரர் வீட்டு விசேஷத்தில் "நீதான் பெங்களூருல பெரிய டிஜேயாம்ல, போடு பாப்பம்" என்று பிடித்து உட்கார வைத்துவிட்டார்கள். நானும் மனசு நிறைந்து போட்டேன். ரொம்ப நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டுப் பெரியப்பா ஒருத்தர் பக்கத்தில் வந்து, "அப்பு, எல்லாம் சரி, பாட்டு எப்ப ஆரம்பிக்கும்?" என்று கேட்டார். நக்கல் இல்லை, நிஜமாகவே கேட்டார்.

பெங்களூரில் ஒரு பர்னிச்சர் கடைக்குக் கீழே, கார் நிறுத்துகிற இடத்தில்தான் எங்கள் கூட்டம் கூடும். விளம்பரம் கிடையாது, பலகை கிடையாது, தெரிந்தவர் சொல்லித் தெரிந்தவர் வருவார்கள். உள்ளே வந்தால் போனை எடுத்துப் படம் பிடிக்கக் கூடாது. விளக்கு கிட்டத்தட்ட இல்லை. டிஜே ஒரு மூலையில், தூணுக்குப் பின்னால் நிற்பான், யாரும் அவனைப் பார்க்க மாட்டார்கள், சுவரைப் பார்த்து ஆடுகிறவன்கூட உண்டு. எனக்கு அதுதான் பிடித்தது. போடியில் எங்கே போனாலும் 'இவன் இன்னார் மகன், இன்ன தெரு' என்று பார்க்கிற கண்களுக்கு நடுவில் வளர்ந்தவனுக்கு, யாருமே பார்க்காத ஓர் இடம் எவ்வளவு பெரிய நிம்மதி என்று உங்களுக்கு எப்படிச் சொல்ல. அந்த இசை காது வழியாகப் போவதே இல்லை. கால் முதலில் தெரிந்துகொள்ளும், அப்புறம் நெஞ்சு, காதுக்குத் தகவல் கடைசியாகத்தான் வரும். பெங்களூரில் நான் இருந்த காலம் முழுக்க அதற்காகவே வேலை பார்த்தேன், அதற்காகவே சாப்பிட்டேன், தூங்கினேன். பைத்தியம் என்றால் பைத்தியம்தான்.

அங்கேதான் ஜோமோன் கிடைத்தான். சாந்தம்பாறைப் பக்கத்துப் பையன், அவன் வீட்டிலும் ஏலத்தோட்டம். எங்கள் ஊருக்கும் அவன் ஊருக்கும் நடுவில் ஒரு மலைதான், ஆனால் பெங்களூர் போய்த்தான் பழகினோம். மலையாளத்துக்காரர்கள் சிலர் தமிழனைக் கிண்டல் பண்ண 'பாண்டி' என்பார்கள். என் பெயரே பாண்டி. அதனால் அவனுக்குக் கிண்டல் பண்ண வேறு வழியில்லாமல் போய்விட்டது, அதையே செல்லமாகக் கூப்பிட்டான்.

நாங்கள் ஜோடியாகத்தான் வாசிப்போம். அதில் ஒரு முறை உண்டு, அதை மட்டும் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். ஒருத்தன் ஒரு பாட்டு, அடுத்து மற்றவன் ஒரு பாட்டு. என் பாட்டு முடியப் போகிறது என்றால் மேலே இருக்கிற எல்லாச் சத்தத்தையும் ஒவ்வொன்றாக உருவிவிட்டு, வெறும் அடியை மட்டும் ஓடவிடுவேன். அதற்கு நாங்கள் 'வால்' என்று பேர் வைத்திருந்தோம். அந்த வாலின்மேல்தான் அவன் தன் பாட்டை ஏற்ற வேண்டும். அவன் ஹெட்போனில் ஒரு காதை மட்டும் மூடிக்கொண்டு தன் பாட்டின் அடியை என் அடியோடு சேர்த்துப் பார்ப்பான், சேர்ந்ததும் கூட்டத்துக்குத் திறந்துவிடுவான். அப்புறம் அவன் வால் விடுவான், நான் ஏறுவேன். ஒருத்தன் வால் விட்டுவிட்டால் மற்றவன் ஏறியே ஆக வேண்டும், விட்டவனை அந்தரத்தில் நிறுத்தக் கூடாது. எழுதாத சட்டம்.

நான் அடுத்து என்ன போடுவது என்று தேடித் தேடித் திணறுகிற ஆள். அப்போதெல்லாம் ஜோமோன் தன் வாலை அப்படியே சுற்றவிட்டுப் பிடித்துக்கொண்டு நிற்பான். அவசரப்படுத்தவே மாட்டான். "பதுக்கெ மதியெடா பாண்டீ, ஞான் பிடிச்சிட்டுண்டு" என்பான். மெதுவாக வா, நான் பிடித்திருக்கிறேன்.

அவனிடம் ஒரே ஒரு கோளாறு. ஏறும்போது எப்போதும் ஒரு மயிரிழை முந்தி ஏறிவிடுவான். இரண்டு அடியும் ஒன்றாக விழாமல், ஒரு வாசலில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் நுழையப் பார்த்து இடித்துக்கொள்கிற மாதிரி 'ததும் ததும்' என்று தடுமாறும். உடனே பிளேயரில் சுற்றுகிற தட்டின் ஓரத்தில் ஒரு விரலை வைத்து லேசாகப் பிடிப்பான், சட்டென்று இரண்டும் ஒன்றாகிவிடும். கூட்டத்துக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும். எத்தனை பேர் வாசித்தாலும் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன், இது ஜோமோன் ஏறுகிறான் என்று.

கடைசியாக நாங்கள் சேர்ந்து வாசித்த அன்றைக்கு நான் வால் விட்டேன். அவன் ஹெட்போனை மாட்டி, விரலைத் தட்டில் வைத்தான். கரண்டு போய்விட்டது. ஜெனரேட்டரும் எடுக்கவில்லை. கூட்டம் போன் வெளிச்சத்தில் படியேறிப் போனது, நாங்கள் சிரித்துக்கொண்டே ஒயரைச் சுற்றினோம். "அடுத்தது என்டெ டேர்ன், மறக்கண்டா" என்றான். அடுத்தது என் முறை, மறந்துவிடாதே. அடுத்தது என்று ஒன்று வரவில்லை. கொரோனா வந்து எல்லாவற்றையும் மூடிவிட்டார்கள், அவன் தன் வீட்டுக்குப் போனான், நான் போடிக்கு வந்தேன். அங்கே அவனுக்குக் காய்ச்சல் என்றார்கள், ஆஸ்பத்திரி என்றார்கள், பிறகு போய்விட்டான் என்றார்கள். நான் பைக்கை எடுத்துக்கொண்டு போடிமெட்டு செக்போஸ்ட் வரைக்கும் போனேன். தடுப்பு போட்டிருந்தது. "பாஸ் இல்லாம ஒரு அடி வைக்க முடியாது தம்பி, எங்க வேலையக் கெடுக்காத" என்றார் காவலுக்கு நின்றவர். அவரைக் குறை சொல்ல முடியாது, யாரையும் குறை சொல்ல முடியாது. கொஞ்ச நேரம் அந்தத் தடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டுத் திரும்பிவிட்டேன். அழுகைகூட வரவில்லை, அலுப்பாகத்தான் இருந்தது.

அந்த அலுப்பு அப்புறம் போகவே இல்லை. மாமாவுக்கு மெட்டுக்கு மேலே ஏலத்தோட்டம், அங்கே காய் உலர்த்துகிற ஸ்டோரைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்றார். சரி என்றேன். எனக்குப் பெண்ணாகச் செல்வியைப் பார்த்தார்கள், சரி என்றேன். அதில் மட்டும் எனக்கு அதிர்ஷ்டம், நல்ல பெண். காலையில் கூலிக்குப் போகிற பெண்களோடு ஜீப்பில் ஏறி மலைக்குப் போவேன், சாயங்காலம் காய் மூட்டைகளோடு இறங்குவேன். ஜீப்பில் டிரைவர் போடுகிற பாட்டைக்கூடக் கேட்க மாட்டேன், காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வேன்.

என் இரண்டு பிளேயர்களும் மிக்சரும் மட்டும் என்னோடு வந்தன. அவற்றை ஸ்டோரில்தான் வைத்திருந்தேன். மலையில் எதை வைத்தாலும் பூசணம் பிடிக்கும், செருப்பு, பெல்ட், சுவரில் மாட்டிய காலண்டர் எதுவும் தப்பாது. டிரையருக்குப் பக்கத்து மூட்டை ரூம் ஒன்றுதான் எப்போதும் காய்ந்து கிடக்கும். அங்கே தார்பாயில் சுற்றி வைத்திருந்தேன். தொட்டால் கையெல்லாம் ஏலக்காய் வாசம்.

செல்விக்கு ஐந்தாம் மாதம் நடக்கும்போது ஒருநாள் சொன்னாள்: "அந்தப் பெட்டிய வித்துருங்க. வச்சுருந்தா என்னைக்காவது ஒருநா போட்டுப் பாக்கத் தோணும். ஒங்களுக்கு இன்னும் ஒரு காதுதான் இருக்கு. நாளைக்குப் புள்ள அப்பான்னு கூப்பிட்டா கேக்கணுமா வேணாமா?"

நான் சண்டை போடவில்லை. அவள் சொன்னது அத்தனையும் சரி. நிஜமாகவே எனக்கு அந்த ஆசை இருந்தது, ஒரே ஒருமுறை, முழுச் சத்தத்தில், நெஞ்சு அதிர. அந்த ஒருமுறை எங்கே போய் நிற்கும் என்று எனக்கும் தெரியும். கோயம்புத்தூரில் ஒரு பையனைப் பிடித்தேன், ஞாயிற்றுக்கிழமை வண்டியோடு வந்து எடுத்துக்கொள்கிறேன் என்றான். நான் சொல்லப் போவது அதற்கு முந்தின நாள் நடந்தது. ராத்திரி இல்லை, பட்டப்பகல். மதியச் சாப்பாடு முடிந்து, மூடுபனி இறங்குகிற நேரம்.

அன்றைக்குப் பாலீஷ் மிஷின் மக்கர் பண்ணிக்கொண்டிருந்தது. டிரையரிலிருந்து எடுத்த காயைச் சூடு ஆறுவதற்குள் அதில் போட்டு உருட்ட வேண்டும், அப்போதுதான் காம்பும் தூசியும் உதிரும், ஆறிவிட்டால் உதிராது. அதனால் மிஷினை நிறுத்தவும் முடியாது. உருளை சுற்றும்போது 'தும், தும்' என்று ஒரு தட்டல். போடியில் மெக்கானிக் கண்ணனுக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, இன்னைக்கு எனக்கு ஏகப்பட்ட சோலி கெடக்கு. சத்தத்தப் பதிஞ்சு அனுப்புங்க, கேட்டுட்டு என்ன சாமான் கொண்டாரணும்னு பாக்கேன். சும்மா சும்மா மலையேற முடியாதுண்ணே" என்றான்.

சரி என்று போனில் ரெக்கார்டரைத் தட்டி, மிஷினுக்குப் பக்கத்து மூட்டைமேல் வைத்தேன். காதைக் காப்பாற்ற என் பழைய ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். மிஷின் ஓடும்போது எப்போதும் அதைத்தான் மாட்டுவேன், கெட்டியான பஞ்சு, வெளிச் சத்தத்தை நன்றாக அடைக்கும். அதன் ஒயர் எதிலும் செருகவில்லை. ஒயரின் நுனி என் சட்டைப் பையில் இருந்தது. இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் இதைச் சொல்லும்போதுதான் எல்லோரும் என்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

கதவு வாசலில் ஈஸ்வரியக்கா உட்கார்ந்து சொளகில் காய் புடைத்துக்கொண்டிருந்தார். தேவாரத்துக்காரர், மாமா தோட்டத்திலேயே பல வருசமாக வேலை. வேறு யாரும் இல்லை, மற்ற பெண்கள் காயெடுக்கக் கீழே சரிவில் இருந்தார்கள்.

நான் காயை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தேன். மிஷின் 'தும், தும்' என்று தட்டிக்கொண்டிருந்தது, ஹெட்போனுக்குள் அது தூரத்தில் கேட்டது. அப்போது இடது காதில், அந்தக் கெட்ட காதில், இன்னோர் அடி கேட்டது. மெல்லிசாக. சன்னமாக. என் 'கீ...' சத்தம் அடங்கிப்போய், அந்த இடத்தில் ஓர் அடி.

காதுதான் ஏதோ பண்ணுகிறது என்று முதலில் நினைத்தேன். டாக்டர் சொல்லியிருந்தார், இல்லாத சத்தமெல்லாம் கேட்கும் என்று. இன்னொரு கை காயை அள்ளினேன். அந்த அடி கொஞ்சம் கொஞ்சமாக மிஷினின் தட்டலுக்குப் பக்கத்தில் வந்தது. வந்து, ஒரு மயிரிழை முந்தி விழுந்தது. 'ததும், ததும்.' தடுமாறியது. அப்புறம் யாரோ விரலை வைத்துப் பிடித்த மாதிரி, சட்டென்று இரண்டும் ஒன்றாகிவிட்டது.

சத்தியமாகச் சொல்கிறேன், பேய் என்று தோன்றவே இல்லை. 'வந்துட்டான்' என்றுதான் தோன்றியது. பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது பஸ் வந்தால் தோன்றுமே, அவ்வளவு சாதாரணமாக.

ஹெட்போனைக் கழற்றினேன். கழற்றினால் நின்றுவிடும் என்று நினைத்தேன். நிற்கவில்லை. இப்போது அது அறைக்குள் இருந்தது. தரையில், பலகையில், என் முட்டியில். மிஷினின் தட்டலுக்கு அடியில் ஆழமாக ஓர் அடி, அதன்மேல் ஒரு சலங்கை மாதிரி சன்னமான சத்தம், அதன்மேல் இன்னொன்று. நான் அதற்கு முன்னால் கேட்காத பாட்டு. நல்ல பாட்டு. எவ்வளவு நல்ல பாட்டு என்று சொல்லத் தெரியவில்லை, எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்தத் தடுப்பில் நின்றபோதுகூட வராத அழுகை வந்து, காய்த் தூசிக்கு நடுவில் நின்று அழுதேன்.

அப்போது கரண்டு போனது.

விளக்கு அணைந்தது, டிரையர் காற்றாடி நின்றது, மிஷின் கர்ரென்று இழுத்து, இரண்டு சுற்று சுற்றி நின்றது. அந்த அடி நிற்கவில்லை. மிஷின் இல்லாமல், அது தனியாக ஓடியது. நான் மூட்டை ரூமுக்கு ஓடித் தார்பாயின்மேல் கையை வைத்துப் பார்த்தேன். பிளேயர் ஜில்லென்று கிடந்தது, ஒரு ஒயரும் இல்லை, அதிர்வும் இல்லை. சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்றும் சொல்ல முடியவில்லை, பெங்களூர் பேஸ்மென்ட்டில் எப்படிச் சொல்ல முடியாதோ அப்படி. வாசலைப் பார்த்தேன். ஈஸ்வரியக்கா பனிக்கு எதிரே முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் கையில் சொளகு அந்த அடிக்குச் சரியாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. ஓர் அடிகூடப் பிசகவில்லை.

பிறகு மேல் சத்தங்கள் ஒவ்வொன்றாகக் கழன்றன. சலங்கை போனது. மற்றது போனது. வெறும் அடி மட்டும் மிச்சம். தும், தும், தும், தும்.

வால்.

அவன் வாசித்து முடித்துவிட்டான், வால் விட்டிருக்கிறான், இனி நான் ஏற வேண்டும். என் கை தானாகத் தார்பாயின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தது. கரண்டு இல்லை, ஸ்பீக்கர் இல்லை, எதில் ஏறுவது, அந்த யோசனையெல்லாம் எனக்கு வரவே இல்லை. எந்தப் பாட்டைப் போடலாம் என்றுதான் மனசு தேடிக்கொண்டிருந்தது, எப்போதும் தேடுகிற மாதிரி. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. ஜோமோனைக் கண்டு இல்லை. இந்த முடிச்சை அவிழ்த்துவிட்டால் நாளைக்கு அந்தப் பையன் வந்து வெறுங்கையோடு போவான், அதற்குப் பிறகு நான் நிறுத்த மாட்டேன், செல்வி சொன்னது, பிள்ளை கூப்பிடுவது, எல்லாம் போய்விடும். அது எனக்கு அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது. எவ்வளவு ஆசையாக இருந்தது என்பதை நினைத்தால் இப்போதும் பயமாக இருக்கிறது.

முடிச்சை விட்டுவிட்டுத் திரும்பி வந்தேன். என்ன செய்கிறோம் என்று தெரியாமலே மூட்டைமேல் இருந்த போனை எடுத்து ரெக்கார்டரை நிறுத்தினேன். அது நிற்கவும் அந்த அடியும் நின்றது. வாசலில் சொளகும் பாதியில் நின்றது.

ஈஸ்வரியக்கா திரும்பிப் பார்த்தார். "என்ன தம்பி, கரண்டு போயிருச்சா?"

"கரண்டு போயி எம்புட்டு நேரமாச்சுக்கா. மிஷின் அப்பவே நின்னுருச்சே" என்றேன்.

"போ தம்பி, இப்பத்தான நின்னுச்சு. சத்தம் கேட்டுக்கிட்டேல்ல இருந்துச்சு" என்றார். அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏன் கண்ணெல்லாம் செவந்து கெடக்கு? தூசிக்குத் துண்டக் கட்டிக்கிறணும்னு எத்தன தரம் சொல்றது" என்று திட்டினார்.

சாயங்காலம் ஜீப்பு மெட்டைத் தொட்டதும் போனில் நெட் வந்தது, ஸ்டோரில் பேச மட்டும்தான் சிக்னல் கிடைக்கும். அந்தப் பதிவைக் கேட்டுப் பார்க்காமலே கண்ணனுக்கு அனுப்பினேன். என் காது எனக்குச் சாட்சி சொல்லாது, அவன் காதாவது சொல்லட்டும் என்று நினைத்தேன். ஒன்றும் இல்லை, பெல்ட்டு லூசு என்று மட்டும் அவன் சொல்லிவிட்டால் நிம்மதியாகத் தூங்கலாம். மலையிறங்கி அடிவாரத்து முந்தல் ஊர் வருவதற்குள் அவனிடமிருந்து குரல் செய்தி வந்துவிட்டது. வலது காதில் வைத்துக் கேட்டேன். இன்னமும் அதை அழிக்கவில்லை, வேண்டுமானால் போட்டுக் காட்டுகிறேன்.

"அண்ணே, கேட்டேன். ஒங்க மிஷினுக்குப் பெல்ட்டு லூசு, பேரிங்கும் போகப் போகுது, திங்கக்கெழம வர்றேன். ஆமா, மாமா ரெண்டாவது மிஷினு எறக்கிட்டாகளா? சொல்லவே இல்ல? அது அருமையா ஓடுதுண்ணே, என்ன கம்பெனி? ஆரம்பத்துல மட்டும் லேசா முந்துச்சு, அப்பறம் யாரோ கைய வச்சுப் பிடிச்சாப்ல சரியாயிருச்சு. ஓடுற மிஷினுல கைய வைக்காதீகண்ணே, வெரலு போயிரும்."

எங்கள் ஸ்டோரில் இருப்பது ஒரே மிஷின். அன்றைக்கும் ஒன்றுதான், இன்றைக்கும் ஒன்றுதான்.

வீட்டுக்கு வந்து செல்வியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. பதிவைப் போடச் சொல்லிக் கேட்டாள், வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு, கொஞ்ச நேரம். "எனக்கு மிஷின் சத்தமாத்தான் கேக்குது" என்றாள். பிறகு, "பாவங்க அந்த அண்ணே" என்றாள். பிறகு போனைத் திருப்பிக் கொடுத்து, "நாளைக்கு அந்தப் பையன் வருவான்ல?" என்றாள்.

வந்தான். நானே தார்பாயோடு தூக்கி வண்டியில் வைத்தேன். அவனுக்கு ஒரே சந்தோசம், முகர்ந்து பார்த்துவிட்டு, "என்னண்ணா இது, பாயாசம் மாதிரி மணக்குது" என்றான். ஹெட்போன் மட்டும் பஞ்சு கிழிந்திருக்கிறது என்று வேண்டாம் என்றுவிட்டான். வண்டி மெட்டு ரோட்டில் திரும்புகிற வரைக்கும் நின்று பார்த்தேன். செய்தது சரி என்று அப்போதும் நினைத்தேன், இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். மகள் பிறந்தாள், இப்போது ஓடி விளையாடுகிறாள், வீட்டின் எந்த மூலையிலிருந்து அவள் கூப்பிட்டாலும் எனக்குக் கேட்கிறது. கண்ணன் வந்து பெல்ட்டை மாற்றியதோடு மிஷினில் தட்டல் போய்விட்டது. ரெண்டாவது மிஷினைக் காட்டச் சொன்னான், மாமா திருப்பி அனுப்பிவிட்டார் என்று ஒரு பொய்யைச் சொன்னேன்.

ஆனால் அந்தப் பதிவு இன்னும் என் போனில் இருக்கிறது. எப்போதாவது, ரொம்ப முடியாமல் வருகிற நாளில், சத்தத்தைக் குறைத்துவைத்துக்கொண்டு கேட்பேன். மிஷின் தட்டும், அவன் முந்தி ஏறுவான், விரலை வைப்பான், சேர்வான், பாட்டு வரும், கரண்டு போகும், அப்புறம் வால். முதலில் கேட்ட நாட்களில் டீ ஆறுவதற்குள் அந்த வால் முடிந்துவிடும். இப்போது டீயைக் குடித்து, டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வந்தாலும் ஓடுகிறது. போனில் எத்தனை நிமிடம் என்று பார்த்தால் தெரிந்துவிடும் என்பீர்கள். பார்க்கலாம்தான். எனக்குத் தைரியம் இல்லை.

போன வாரம் கேட்டுக்கொண்டிருக்கும்போது மகள் கூப்பிட்டாள். நிறுத்த மனசு வராமல் போனை அப்படியே ஜன்னலில் வைத்துவிட்டுப் போனேன். அவளுக்குச் சோறு ஊட்டி, கதை சொல்லி, தூங்க வைத்துவிட்டு நானும் பக்கத்திலேயே கண்ணயர்ந்துவிட்டேன். எழுந்து வந்து போனைக் காதில் வைத்தேன். தும், தும், தும், தும். அவசரமே இல்லாமல் பிடித்துக்கொண்டு நிற்கிறான்.